பழைய வயலினுக்கு வீட்டுக் காப்பீடு மட்டும் போதுமா?

கேள்வி:
எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறைகளாக வாசிக்கப்படும் வயலின் ஒன்று என்னிடம் இருக்கிறது. வீட்டுக் காப்பீட்டிலேயே அதுவும் அடங்கிவிடும் என்கிறார் முகவர். ஆனால் பாலிசியில் தனியொரு பொருளுக்கென்று குறித்திருக்கும் உச்சவரம்பு, வயலினின் மதிப்பில் கால்பங்குகூட வராது. கச்சேரிகளுக்காக அதை வெளியூர்களுக்கும் எடுத்துச் செல்கிறேன். தனிப் பாலிசி எடுத்தால் எதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்?

முதல் பதில்:
தனிப் பாலிசி எடுப்பதே சரி. வீட்டுக் காப்பீடு பெரும்பாலும் தீ, திருட்டு என்று பெயர் சொல்லப்பட்ட ஆபத்துகளுக்கு மட்டுமே பொறுப்பேற்கும். கைதவறிக் கீழே விழுந்த வயலினுக்கு அதில் இழப்பீடு கிடைப்பது அரிது. தனிப் பாலிசியோ, விலக்குகளில் சொல்லப்படாத எல்லா ஆபத்துகளையும் ஏற்கும் வகையில் கிடைக்கிறது. பிரீமியத்தை ஒப்பிடுவதற்கு முன்னால், இழப்பீடு எந்த மதிப்பின்படி கணக்கிடப்படும் என்று பாருங்கள். சந்தை மதிப்பு என்றிருந்தால் இழப்பு நேர்ந்த பிறகு விலையைப் பற்றி வாதாட வேண்டியிருக்கும். ஒப்புக்கொண்ட மதிப்பு என்றிருந்தால் அந்தத் தொகை முன்பே முடிவாகியிருக்கும். இன்னொன்றையும் வலியுறுத்திச் சொல்கிறேன்: வயலினின் பின்பலகையில் விரிசல் விட்டால், எவ்வளவு திறமையாகப் பழுதுபார்த்தாலும் அதன் விலை வெகுவாகக் குறைந்துவிடும். பழுதுபார்க்கும் செலவோடு இந்த மதிப்புக் குறைவையும் ஈடுசெய்யும் பாலிசியையே தேர்ந்தெடுங்கள். வில்லைத் தனிப் பொருளாகப் பட்டியலில் சேர்க்கவும் மறவாதீர்கள். நல்ல பழைய வில்லின் விலையே பெருந்தொகையாக இருக்கும்.

இரண்டாம் பதில்:
விலக்குகளை ஒரு வரி விடாமல் படியுங்கள். ஊதியம் பெற்று வாசிப்பது தொழில்முறைப் பயன்பாடாகக் கருதப்பட்டு, தனிநபர் பாலிசியில் விலக்கப்பட்டிருக்கக்கூடும். கச்சேரி செய்வதை விண்ணப்பத்திலேயே தெரிவித்து, ஏற்பை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். ஆளில்லாத வாகனத்தில் வைத்துவிட்டுப் போகும்போது நேரும் திருட்டு, ஈரப்பத மாற்றத்தால் மெல்ல மெல்ல உண்டாகும் சேதம், வழக்கமான தேய்மானம் ஆகியவையும் பல பாலிசிகளில் விலக்கப்படுகின்றன.

மூன்றாம் பதில்:
பிரீமியம் குறையும் என்பதற்காக மதிப்பைக் குறைத்துக் காட்ட வேண்டாம். சராசரி விதி உள்ள பாலிசியில், பாதி மதிப்புக்கு மட்டும் காப்பீடு செய்திருந்தால், சிறு சேதத்துக்குக்கூடப் பாதித் தொகைதான் கிடைக்கும். வயலினை வாங்கவோ விற்கவோ நினைக்காத நிபுணர் ஒருவரிடம் மதிப்பீட்டுச் சான்று பெற்று, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைப் புதுப்பியுங்கள். சான்றின் நகலையும், வயலினின் தலைப்பகுதி, பின்பலகை, உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டு ஆகியவற்றின் படங்களையும் வயலின் பெட்டிக்குள் வைக்காமல் வேறிடத்தில் வைத்திருங்கள்.