மறு: பனிக்காலத்துக்கென்று வாங்கும் மலிவுக் கார் – 'தேய்கார்' எனலாமா?

அன்பின் நண்பர்களுக்கு,

இந்தக் கலைச்சொல் இழையை ஆரம்பத்திலிருந்து வாசித்தேன். நல்ல காரை மூடி வைத்துவிட்டு, வீதியில் போடும் உப்பும் இடிபாடும் இதற்கே போகட்டும் என்று மலிவாக வாங்கிப் பனிக்காலம் முழுக்க ஓட்டும் பழைய காருக்கு ரொறன்ரோ நண்பர் ஒரு தமிழ்ச் சொல் கேட்டிருந்தார். அங்கே பேச்சில் அது 'விண்டர் பீற்றர்'. வந்த பரிந்துரைகளை மட்டக்களப்புக் காதால் கேட்டுப் பார்த்து எழுதுகிறேன். நான் இங்கே மோட்டார் திருத்தம் படிப்பிக்கிறவன். வகுப்பில் என் வாயில் தடையில்லாமல் வரவேண்டும், கராஜில் வேலை பழகும் பிள்ளைக்கும் விளங்கவேண்டும். எனக்கு இந்த இரண்டும் முக்கியம்.

> பனிக்கால ஓட்டை வண்டி

முதலில் 'வண்டி'. தமிழ்நாட்டு நண்பர்களுக்குக் கார், பைக் எல்லாம் அதில் அடங்கிவிடும். எங்கள் பக்கத்தில் மாடு பூட்டுவது வண்டில். வண்டி என்று தனியே சொன்னால் தொந்தி. கடலின் இரு பக்கமும் இடறாத சொல் 'கார்' மட்டும்தான். 'மகிழுந்து' எழுத்தில் நன்றாக இருக்கிறது, ஆனால் எந்தக் கராஜிலும் நான் அதைக் கேட்டதில்லை.

அடுத்தது 'ஓட்டை'. என்னுடைய பெரிய மறுப்பு இதற்குத்தான். 'உடைசல்', 'டப்பா' ஆகியவற்றுக்கும் அதே மறுப்பு. ஒரு பொருளுக்கு அப்படிப் பெயர் வைத்தால், அதைக் கவனிக்காமல் விடலாம் என்ற அனுமதியும் அந்தப் பெயரோடு சேர்ந்து போகிறது. இந்தக் காரில் அது ஆபத்து. கனடாவில் வீதிக்கு உப்புப் போடுவது நீரின் உறைநிலையை இறக்குவதற்காக. செறிந்த உப்புக் கரைசல் பூச்சியத்துக்குக் கீழே 21 பாகை செல்சியஸ் வரை உறையாமல் நிற்கும். வீதியில் பூச்சியத்துக்குக் கீழே 10 பாகை தாண்டினாலே அதன் பலன் மிகவும் குறைந்துவிடும். அந்த உப்புக் கரைசல் சில்லு வளைவிலும் கதவின் அடிச்சட்டத்திலும் தங்கி இரும்பைக் கறள் (துரு) பிடிக்க வைக்கிறது. இன்னொன்று, கடுங்குளிரில் கறள் மெதுவாகத்தான் ஏறும். உப்புப் படிந்த காரைச் சூடான கராஜுக்குள் கொண்டுபோய் விட்டால், பனி உருகி ஈரமும் வெப்பமும் சேர, அது வேகம் பிடிக்கும்.

கதவில் ஓட்டை விழுந்தால் கண்ணுக்குத் தெரியும். அடியில் ஓடும் இரும்பு பிரேக் குழாயில் கறள் ஏறினால் தெரியாது. அவசரத்தில் மிதியை அழுத்தி மிதிக்கிற அந்த நேரத்தில்தான் அது வெடிக்கும். ஆகவே தேயவிடலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டியது நிறப்பூச்சு, பம்பர், இருக்கைத் துணி, விற்பனை விலை ஆகியவற்றை மட்டுமே. பிரேக், ரயர், விளக்கு, ஸ்டீரிங் ஆகியவற்றில் புதிய காருக்கும் இதற்கும் ஒரே அளவுகோல். சாதாரண ரயரின் இறப்பர் 7 பாகைக்குக் கீழே இறுகத் தொடங்குகிறது என்பதால்தான் பனிக்கால ரயர் தனியாக இருக்கிறது; கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோவில் பழைய காரை உங்கள் பெயரில் பதிந்து ஓட்டப் பாதுகாப்புச் சான்று வேண்டும். சட்டமே ஒத்துக்கொள்ளாத 'ஓட்டை'யை நாங்கள் கலைச்சொல்லில் போடுவது சரியில்லை. 'பீற்றர்' என்ற ஆங்கிலப் பேச்சுச் சொல்லில் அடிபட்டது, நசுங்கியது என்ற பொருள் இருக்கலாம். அதைத் தமிழுக்குள்ளும் இழுத்துவர வேண்டிய கடன் எங்களுக்கு இல்லை.

> குளிர்கால ஈட்டுக்கார்

எண்ணம் நல்லது. ஒன்றின் இடத்தில் நின்று நட்டத்தைத் தாங்குவது ஈடு. ஆனால் இலங்கையில் காணியை ஈடு வைக்கிறோம், ஈட்டு உறுதி எழுதுகிறோம். ஈட்டுக்கார் என்றால் கடனுக்கு அடைவாகக் கொடுத்த கார் என்றே இங்கே விளங்கும்.

> நம் ஊர் மழைக்கும் பொருந்த 'வெள்ளவண்டி'

இதை எழுதியவர் அம்பாறை நண்பர். தயவுசெய்து இது வேண்டாம். 2024 நவம்பரில் காரைதீவு மாவடிப்பள்ளியில் வெள்ளம் குறுக்கறுத்த வீதியில் உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டு மதரஸாப் பிள்ளைகள் இறந்தார்கள். அது அவருக்கு என்னைவிடக் கிட்டத்தில் நடந்தது. ஓடும் தண்ணீர் ஓரடி இருந்தாலே பல கார்கள் மிதக்கத் தொடங்கும். இரண்டடி பெரும்பாலான வாகனங்களை இழுத்துக்கொண்டு போகும். வெள்ளத்துக்குள் போகலாம் என்று பெயரிலேயே உறுதி கொடுக்கும் சொல் இந்தக் கரையில் புழங்கக்கூடாது. அப்புறம் எஞ்சினுக்கும் அது கேடு. காற்று உறிஞ்சும் வாயால் தண்ணீர் உள்ளே போனால், அமுங்காத தண்ணீரைப் பிஸ்டன் அமுக்கப் பார்த்து இணைதண்டு வளைந்துவிடும். பழைய டீசல் எஞ்சினுக்கும் இதுதான் கதி.

ஆனால் நண்பர் சுட்டிக்காட்டிய தேவை உண்மையானது. மாரியில் மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரையிலிருந்து வேலைக்காக மேற்கே படுவான்கரைக்குப் போய் வருபவர்களில் நல்ல வாகனத்தை வீட்டில் விட்டுப் பழையதை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். உப்புக்குப் பதில் சேறும் குழியும் வாவிக்கரை உவர்நீரும். பின் இருக்கைக்குக் கீழே பெரிய பற்றரி உள்ள ஹைபிரிட் காரை அந்த வீதிகளில் இறக்க யாருக்கு மனம் வரும்? ஒரு பெரிய வித்தியாசம் விலை. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது, வரியும் கடுமை. ஒரு பருவத்துக்காக வாங்கி, பிறகு பழைய இரும்புக்குக் கொடுத்துவிடும் கார் இங்கே இல்லை. இங்கே ஏற்கெனவே கையில் இருக்கும் பழைய காரோ முச்சக்கர வண்டியோதான் அந்த வேலையைச் செய்கிறது. வயலுக்குக் கட்டவென்று வீட்டில் ஒரு பழஞ்சாரன் இருப்பதைப் போல.

என் பரிந்துரை: தேய்கார்.

தேய்பிறை போல வினைத்தொகை. தேய்ந்த, தேய்கின்ற, தேயும் கார் என்று மூன்று காலமும் ஒரே சொல்லில் அடங்கும்; இந்தப் பொருளுக்கு மூன்றுமே பொருத்தம். எங்கள் கணக்கியல் பாடநூலில் 'பெறுமானத் தேய்வு' ஏற்கெனவே இருக்கிறது, தமிழ்நாட்டில் 'தேய்மானம்'. ஆகவே விலை இறங்கும் பொருளும் வேரிலேயே இருக்கிறது. கார் என்றால் முகிலும்தானே என்று புலவர் ஒருவர் கேட்கக்கூடும். வாகனப் பேச்சில் அந்தக் குழப்பம் வராது.

பருவத்தை முன்னொட்டாக வைப்போம். கனடாவுக்கு 'பனித்தேய்கார்'. எங்களுக்குப் பனி என்றால் மார்கழிக் காலையில் புல்லில் நிற்பது, அவர்களுக்கு வானத்திலிருந்து கொட்டுவது. ஆனாலும் பழைய ஆறு பருவங்களில் முன்பனியும் பின்பனியும் மார்கழி முதல் பங்குனி வரை, அதாவது டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை. ரொறன்ரோவின் பனிக்காலத்தோடு பெருமளவு ஒத்துப்போகிறது. எங்களுக்கு 'மாரித்தேய்கார்'. இரண்டையும் தனித்தனிச் சொல்லாகப் பதியத் தேவையில்லை, ஒரு பதிவின் கீழ் போடலாம்:

*தேய்கார் (பெயர்): நல்ல காரைக் காப்பதற்காக, கடும் பருவத்தில் அதற்குப் பதிலாக ஓட்டப்படும் குறைந்த பெறுமதியுள்ள பழைய கார். வீதியில் ஓடுவதற்கான பாதுகாப்புத் தகுதி உடையது.*

கடைசி வசனத்தை நீக்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வரைவிலக்கணத்துக்கு அது மிகை என்று சிலர் சொல்வீர்கள். இழையில் ஆறு பரிந்துரை வந்தால் நாலு வசைச்சொல்லாக இருக்கிறபோது அது மிகையாகத் தெரியவில்லை.

இனி நோர்வே, ஜெர்மனி நண்பர்களிடம் ஒரு கேள்வி. நீங்கள் பனிக்காலத்தில் மூடி வைக்கும் மற்றக் கார் இருக்கிறதே, அதை வீட்டில் எப்படிச் சொல்கிறீர்கள்? 'கிடைகார்' என்று எனக்குத் தோன்றுகிறது, ஆனால் பிள்ளைகள் வாயில் வேறேதாவது ஏற்கெனவே புழங்கினால் அதையே எடுப்போம்.

அன்புடன்,
மட்டக்களப்பிலிருந்து