வேதியியலுக்குச் சின்னக் கல்லூரியா, பெரிய பல்கலைக்கழகமா?

எடிசன்அப்பா:
மகளுக்கு வேதியியல்தான் வேண்டுமாம், பிறகு ஆராய்ச்சி. நியூ ஜெர்சி மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. மினசோட்டாவில் ஒரு லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியும் (இளங்கலை மட்டும் நடத்தும் சின்னக் கல்லூரி) கூப்பிடுகிறது, மொத்தமே 2,000 மாணவர்கள்தான். மதுரையில் இருக்கும் அப்பாவிடம் சொன்னதற்கு, "ஆர்ட்ஸ் காலேஜ்ல சேரவா அமெரிக்கால இருக்கீங்க?" என்கிறார். மே 1-க்குள் பதில் சொல்ல வேண்டும்.

பிப்பெட்:
பெயர்தான் குழப்புகிறது சார். அந்த 'ஆர்ட்ஸி'ல் கணிதம், இயற்பியல் எல்லாம் அடக்கம். வேதியியல் நோபல் வாங்கிய தாமஸ் செக் (1989) இளங்கலை படித்தது க்ரினெல்லில், ஜெனிஃபர் டௌட்னா (2020) பொமோனாவில். இரண்டுமே இந்த வகைக் கல்லூரிகள்தான்.

கணக்குப்பிள்ளை:
நோபல் பட்டியலைக் காட்டி யாரையும் மயக்கலாம். நம் பிரசிடென்சி கல்லூரியில் ராமனும் சந்திரசேகரும் படித்தார்கள். அதற்காக மட்டும் இன்று யாராவது பிள்ளையை அங்கே சேர்க்கிறார்களா?

என் அண்ணன் மகன் இப்படி ஒரு சின்னக் கல்லூரியில் இயற்பியல் படித்தான். கையேட்டில் பாடங்கள் வரிசையாக இருக்கும். மேல்நிலைப் பாடங்கள் பல, ஒன்றுவிட்டு ஒரு வருடம்தான் நடக்கும். இவன் முறை வந்தபோது குவாண்டம் இரண்டாம் பகுதி எடுப்பவர் ஆராய்ச்சி விடுப்பில் போய்விட்டார். அதைப் படிக்காமலே பட்டம். பிஎச்டி முதல் வருடம் திணறிப்போனான். பெரிய இடமென்றால் இளங்கலையிலேயே முதுகலைப் பாடம் எடுத்திருப்பான்.

பிப்பெட்:
அது உண்மையான குறை, மறுக்க மாட்டேன். ஆனால் பெரிய இடத்தில் முதல் வருட வேதியியல் எப்படி நடக்கும்? முந்நூறு பேர் உட்காரும் அரங்கு. ஆய்வகத்தில் சொல்லித் தருபவர் பிஎச்டி மாணவர்.

நான் சின்னக் கல்லூரி. இரண்டாம் வருடத்திலேயே, மூலக்கூறின் அமைப்பைக் கண்டறியும் என்எம்ஆர் கருவிக்குத் திரவ நைட்ரஜன் ஊற்றும் வேலை என்னுடையது. மாதிரிக் குழாயைத் துடைத்து இறக்குவது, வரைபடம் கோணலாக வந்தால் மறுபடி எடுப்பது எல்லாமே நாங்கள்தான். முதுகலை மாணவர்களே கிடையாது, அப்புறம் யாரிடம் கொடுப்பார்கள்? போர்ட்லாந்தின் ரீட் கல்லூரியில் ஓர் ஆராய்ச்சி அணு உலையே 1968-இலிருந்து இருக்கிறது. அதை இயக்குபவர்களில் பெரும்பாலோர் இளங்கலை மாணவர்கள், அரசு உரிமம் வாங்கியவர்கள்.

கணக்குப்பிள்ளை:
அணு உலை சரி, அந்தக் கட்டணத்தைக் கேட்டாலே சூடேறுகிறது. வருடத்துக்கு எண்பதாயிரம் டாலரைத் தாண்டும் இடங்கள் உண்டு. உதவித்தொகையையும் பாருங்கள். ஸ்வார்த்மோர், வில்லியம்ஸ் போன்ற சின்னக் கல்லூரிகள் குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் தருகின்றன. கணவன் மனைவி இருவரும் ஐடியில் இருந்தால் கிடைப்பது சொற்பம். நடுவில் பெண் பொறியியலுக்கு மாற நினைத்தால்? ஸ்வார்த்மோர், ஹார்வி மட் மாதிரி சில இடங்களில்தான் அந்தப் பட்டம் உண்டு.

நார்த்ஃபீல்ட்அக்கா:
இரண்டு பேரும் பொதுவாகவே பேசுகிறீர்கள். எடிசன் தம்பி, கையேட்டை மூடி வையுங்கள். கடந்த நான்கு செமஸ்டரில் உண்மையில் நடந்த பாடங்களின் அட்டவணை இணையத்தில் இருக்கும், அதை எடுங்கள். பிசிகல் கெமிஸ்ட்ரி இரண்டு பகுதியும் நடந்ததா? ஆசிரியர்களின் ஆய்வுக் கட்டுரைகளில் மாணவர் பெயர் இருக்கிறதா? நேரில் போனால் கட்டிடத்தைப் பார்த்து வாய் பிளக்காமல், கருவி அறைச் சாவி யார் கையில் என்று கேளுங்கள்.

எடிசன்அப்பா:
நன்றி அக்கா. மகளே உட்கார்ந்து எண்ணினாள். பிசிகல் கெமிஸ்ட்ரி இரண்டு பகுதியும் வருடா வருடம் நடந்திருக்கிறது. கனிம வேதியியல் மேல்நிலைப் பாடம் மட்டும் ஒரே ஒரு முறை. அதைக் கேட்டுத் துறைத் தலைவருக்கு மடல் போட்டாள். அன்று இரவே பதில்: அடுத்த வருடம் உண்டு, கோடையில் ஆய்வகத்தில் வேலை செய்ய விருப்பமா என்று.

கணக்குப்பிள்ளை சார் சொன்ன பணம்தான் இடிக்கிறது. உதவித்தொகையைக் கூட்ட முடியுமா என்று திங்கட்கிழமை போன் போட்டுக் கேட்கப் போகிறேன். அப்பாவிடம் 'சயின்ஸ் காலேஜ்' என்று மாற்றிச் சொல்லியாகிவிட்டது.