ஸ்டுடியோ கை மாறினா தியேட்டர் அட்வான்ஸ் என்ன ஆகும்?

ஒத்தைஸ்கிரீன்_கிருஷ்ணகிரி
ஹாலிவுட் டப்பிங் படங்களை சேலம் ஏரியா விநியோகஸ்தர்கிட்ட பெர்சன்டேஜ்ல எடுக்கிறோம், அதாவது வசூல்ல ஒரு பங்கு (ஷேர்) அவங்களுக்கு. 3 லட்சம் அட்வான்ஸ்ல 1,80,000 ஷேர்ல கழிஞ்சது, 1,20,000 நிக்குது. அந்த ஸ்டுடியோவை வேற கம்பெனி வாங்குதாம். மீதியை யார்கிட்ட கேக்கிறது? படத்தைத் திறக்கிற டிஜிட்டல் சாவி, அந்த கேடிஎம்மை யார் தருவாங்க?

பாலக்கோடு_கணக்கு
முதல்ல அட்வான்ஸ் ரசீதை எடுங்க. சேலத்து விநியோகஸ்தர் பேர்ல இருந்தா அவர்தான் பதில் சொல்லணும், அமெரிக்காவில் யார் யாரை வாங்கினாலும் சரி. ஸ்டுடியோவோட இந்தியக் கம்பெனி பேர்ல ரசீது இருந்தாதான் யோசிக்கணும்.

அப்பவும் எப்படி வாங்கினாங்கங்கிறதுதான் கேள்வி. பங்குகளை வாங்கினா கம்பெனி அதேதான். பான், ஜிஎஸ்டி எண், ஒப்பந்தம் எதுவும் மாறாது. படங்களையும் உரிமைகளையும் மட்டும் பிரிச்சு வாங்கினா உங்க அட்வான்ஸ் தானா கூடவே போகாது. புதுக் கம்பெனி ஏத்துக்கிட்டு எழுதித் தரணும், பெரும்பாலும் சிக்குறது இங்கதான். கம்பெனி தீர்ப்பாயம் வழியா இணைப்புன்னா அந்த உத்தரவே கடனையும் ஒப்பந்தத்தையும் சேர்த்து மாத்திடும்.

இன்னொண்ணு, ஷேர் கொடுக்கும்போது 2 சதவீதம் வருமான வரி (டிடிஎஸ்) பிடிக்கிறீங்கல்ல? பில் புதுப் பேர்ல வந்து, நீங்க பழைய பான்ல கட்டினா அவங்களுக்கு வரவு ஏறாது. அந்தத் தொகையை உங்க பாக்கின்னு எழுதிடுவாங்க.

கேடிஎம்_காரிமங்கலம்
கேடிஎம் பக்கம் நான் சொல்றேன். அது உங்க சர்வரோட (படத்தை ஓட்டுற கம்ப்யூட்டர்) டிஜிட்டல் சான்றிதழுக்கும் குறிப்பிட்ட தேதி, நேரத்துக்கும் மட்டும் திறக்கிற சாவி. புது ஆபீஸ்ல பழைய தியேட்டர் பட்டியல் இருக்கும்னு நம்பாதீங்க. ஸ்கிரீன் எண், சர்வர் மாடல், சீரியல் நம்பர் மூணையும் ரிலீசுக்கு ஒரு வாரம் முன்னாடியே மெயில்ல அனுப்புங்க. நடுவுல மீடியா பிளாக்கை (சாவியை வச்சுப் படத்தைத் திறக்கிற போர்டு) மாத்தியிருந்தா புது நம்பர்தான் செல்லும்.

யாரும் கவனிக்காத ஒண்ணு இருக்கு. கேடிஎம் படத்தோட பேருக்கு இல்ல, அந்தப் பிரதியோட சிபிஎல் (எந்தப் படம், ஒலி எந்த வரிசையில ஓடணும்னு சொல்ற பட்டியல்) அடையாள எண்ணுக்கு. முன்னாடி ஓடுற லோகோவைப் புது முதலாளி மாத்தினாலே அது வேற சிபிஎல், பழைய பிரதிக்கு வந்த சாவி திறக்காது. வியாழன் ராத்திரி கடைசி ஷோ முடிஞ்சதும், சாவி நேரம் தொடங்கியிருந்தா, 2 நிமிஷம் ஓட்டிப் பாருங்க. வெள்ளி காலைல பாத்தா டிக்கெட் காசைத் திருப்பித் தர வேண்டியதுதான்.

ஒத்தைஸ்கிரீன்_கிருஷ்ணகிரி
நன்றிங்க. ரசீது இந்தியக் கம்பெனி பேர்லதான் இருக்கு. விநியோகஸ்தர் "இனி புது ஆளுங்களைக் கேளுங்க"ன்னு இப்பவே கை காட்டுறாரே?

பாலக்கோடு_கணக்கு
அறிவிப்பு வேற, கை மாறுறது வேற. ஃபாக்ஸ் ஸ்டுடியோவை டிஸ்னி வாங்குறதா 2017 டிசம்பர்ல சொன்னாங்க, முடிஞ்சது 2019 மார்ச் 20. அதுவரைக்கும் பழைய கம்பெனிதான் பொறுப்பு. வாங்கினவங்களே படத்தைத் தியேட்டருக்குக் கொண்டு வருவாங்கன்னும் இல்ல. எம்ஜிஎம் ஸ்டுடியோவை 2022 மார்ச்ல அமேசான் வாங்குச்சு. அதே ஆகஸ்ட்ல வட அமெரிக்காவுக்கு வெளியே தியேட்டர் ரிலீஸை வார்னர் பிரதர்ஸ்கிட்ட கொடுத்துடுச்சு.

அதனால ஆளைத் தேடாம பேப்பரைத் தேடுங்க. "இன்ன தேதியில் எங்களிடம் உள்ள உங்கள் அட்வான்ஸ் நிலுவை ரூ.1,20,000"னு கம்பெனி லெட்டர்ஹெட்ல, கையெழுத்து, முத்திரையோட இந்த வாரமே வாங்கிடுங்க. வாட்ஸ்அப்ல "ஓகே சார்"னு வந்தா போதாதுங்க. தர இழுத்தா அடுத்த படத்துக்குப் புது அட்வான்ஸ் கட்டாதீங்க, பழசுல கழிக்கச் சொல்லுங்க.