பாலி காலைச் சந்தை: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

சந்தைப்பை
உபுட் சந்தை, விடிகாலை 5.30. இருபதாயிரம் ரூபியா நோட்டை வாங்கிய காய்கறிக்கார அம்மா அதைப் பைக்குள் வைக்கவில்லை. தக்காளி, பயற்றங்காய், வாழைச்சீப்பு என்று ஒவ்வொரு குவியலையும் அந்த நோட்டால் தட்டித் தட்டி "லாரிஸ், லாரிஸ்" (நன்றாக விற்கட்டும்) என்றார். அப்புறம்தான் மடியில் செருகினார். நம்ம ஊர் போணியேதான். அந்த முதல் காசுக்கு அங்கே 'பெங்லாரிஸ்' என்று பெயர். போணி நேரத்தில் விலை கொஞ்சம் இறங்கும், தைரியமாகப் பேரம் பேசலாம். வாங்கும் எண்ணம் இல்லாவிட்டால் மட்டும் அந்த நேரத்தில் விலை கேட்காதீர்கள்.

மூணு சைபர்
விலை சொல்லும்போது ஆயிரத்தை முழுங்கிடுவாங்க. "லிமா"ன்னா அஞ்சு இல்ல, ஆயிரம் சேர்த்து 5,000. நிறைய பேர் தடுமாறுறது 'பெலாஸ்', 'புளுஹ்' ரெண்டுலதான். லிமா பெலாஸ் 15, லிமா புளுஹ் 50. வயசான அம்மாக்கள் பாலி மொழியில "டுவாங் தாலி"ம்பாங்க, அது 2,000. "லிமாங் தாலி" 5,000. இங்க தாலின்னா ஆயிரம், பழைய ஓட்டைக் காசைக் கயிறுல கோத்து எண்ணின காலத்துச் சொல்.

சிவப்பு 1,00,000 நோட்டோட போகாதீங்க, விடிகாலைல சில்லறை இருக்காது. சாம்பல் 2,000, பழுப்பு 5,000, ஊதா 10,000 இந்த மூணும் தனிப் பர்ஸ்ல இருக்கட்டும். வலது கையால குடுங்க.

வாழைநார்
பூக்கடை வரிசையில் ஒரு பாட்டி 'சானாங்' என்ற படையல் தட்டு முடைகிற வேகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. குருத்தோலையைக் கத்தியால் ஒரே நீளத்துக்கு நறுக்கி, மடித்து, மூங்கில் சிலாம்பால் குத்தி இறுக்குகிறார். பக்கத்துக் கடைப் பெண் அதே வேலையை ஸ்டேப்ளரால் செய்கிறாள்.

தட்டின் நடுவில் முதலில் பொரோசான்: வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு சேர்ந்த சின்ன மடிப்பு. இது இல்லாவிட்டால் அது வெறும் பூத்தட்டு, படையல் ஆகாது. அதன்மேல் பூ, திசை பார்த்து: கிழக்கே வெள்ளை (ஈஸ்வரன்), தெற்கே சிவப்பு (பிரம்மா), மேற்கே மஞ்சள் (மகாதேவன்), வடக்கே நீலம் அல்லது பச்சை (விஷ்ணு). மஞ்சளுக்குப் பெரும்பாலும் நம்ம செண்டுமல்லிதான், அங்கே 'குமிதிர்'. உச்சியில் பொடியாக அரிந்த பாண்டான் இலை. வாங்கிக்கொண்டு போய் வைப்பவர்கள் வெள்ளைப் பூ கிழக்கு பார்க்கிறதா என்று கவனிப்பதே இல்லை, தட்டு அப்படியே திரும்பிவிடுகிறது.

பௌர்ணமி, அமாவாசைக்கு முதல் நாள் பூ விலை ஏறும். 210 நாளுக்கு ஒருமுறை வரும் கலுங்கான் பண்டிகைக்கு முந்தின நாட்களில் சந்தைக்குள் நடக்கவே இடம் இருக்காது.

டென்பசார் பக்கம்
சந்தைப்பை சொல்வதோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரு கட்டுக் கீரைக்குப் பேரம் எதற்கு? பேரம் துணிக்கும் கைவினைப் பொருளுக்கும்தான். மேலும் உபுடில் 8 மணிக்குமேல் பயணிகளுக்கான சாமான்கள்தான் நிரம்பியிருக்கும். உள்ளூர்க்காரர்களின் சந்தையைப் பார்க்க டென்பசாரில் உள்ள பசார் படுங் சந்தைக்குப் போங்கள். டென்பசார் என்ற பெயருக்கே 'சந்தைக்கு வடக்கே' என்றுதான் பொருள். 2016 தீயில் எரிந்த கட்டடத்தைத் திரும்பக் கட்டி 2019இல் திறந்தார்கள். ஆற்றுக்கு அக்கரையில் கும்பசாரி சந்தை.

அங்கே பார்க்க வேண்டியது 'துக்காங் சூன்' பெண்களை. நீங்கள் வாங்குவதையெல்லாம் கூடையில் அடுக்கித் தலையில் ஏற்றி, கடை கடையாகக் கூடவே வருவார்கள். படியேறும்போதுகூட ஒரு கை கூடையைத் தொடுவதில்லை. கூலியை முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். அந்தக் கூலியில் மட்டும் கை சுருக்காதீர்கள்.

குழிப்பணியாரம்
யாரும் கேட்கல, இருந்தாலும் சைவக்காரங்களுக்காகச் சொல்றேன். "வெஜிடேரியன்"னு சொன்னா இறைச்சித் துண்டை மட்டும் எடுத்துட்டுத் தருவாங்க. சிக்கல் 'சம்பல்'ல இருக்கு (அது மிளகாய்த் துவையல்). அதுல 'தெராசி'ங்கிற இறால் விழுது சேரும். "தன்பா தெராசி"ன்னு (தெராசி இல்லாமன்னு) கேளுங்க. பொட்டலம் பொட்டலமா விக்கிற அரைச்ச மசாலா 'பாசே கெனெப்'லயும் தெராசி உண்டு. லாவார் பாக்கக் காய்கறிப் பொரியல் மாதிரியே இருக்கும், பன்றி இறைச்சியும் சில சமயம் ரத்தமும் கலந்தது. தொடாதீங்க.

கேட்டு வாங்க ஏத்தது திபாட் சந்தோக். வேர்க்கடலை, பூண்டு, மிளகாய், கென்சூர் (நம்ம கச்சோலம்) எல்லாத்தையும் கண்ணு முன்னாடியே கல்லுல அரைச்சு, வெந்த காய், ஓலைப்பெட்டிச் சோத்துக் கட்டியோட பிசைஞ்சு தருவாங்க. தெராசி வேண்டாம்னு அரைக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிடணும், அரைச்சபிறகு பிரிக்க முடியாது.

இனிப்புக்கு லக்லக். மண்ணால செஞ்ச பணியாரக் குழியில விறகடுப்புல வேகும். அரிசி மாவு, பச்சை நிறத்துக்கு இலைச்சாறு, மேல தேங்காய்த் துருவல், பனைவெல்லப் பாகு. அடி மொறுமொறுன்னு, மேல பஞ்சு மாதிரி வெந்திருந்தா சரியான பதம். ஆறினா ரப்பர் ஆயிடும். 8 மணிக்குள்ள வாங்குங்க, வெயில் ஏறினா துருவல் புளிச்சிடும்.

சந்தைப்பை
@டென்பசார் பக்கம், கீரைக்குப் பேரம் பேசச் சொல்லவில்லையே. சலாக், மங்குஸ்தான் என்று கிலோ கணக்கில் வாங்கும்போது பேசலாம். சலாக்கின் கூர்நுனியைக் கிள்ளி உரித்தால் தோல் சுத்தமாகக் கழன்றுவரும்.

யாழ் அடுப்படி
வாழைநார் சொன்ன அந்த அரிஞ்ச பாண்டானை அங்க 'கெம்பாங் ரம்பே' எண்டு சொல்லுறவை. எங்கட ரம்பை இலைதான். நாங்கள் கறிக்குப் போடுறதை அவை சாமிக்கு வைக்கினம். பூக்கடையில கேட்டால் அரியாத இலையும் தருவினம்.