தாத்தாவின் பர்மா நட்சத்திரமும் மலாயாவில் காணாமல் போன சின்னத் தாத்தாவும்: ராணுவப் பதிவுகளை எங்கே தேடுவது?

கேள்வி (பாலாற்றங்கரைப் பேத்தி)

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவைப் பெற்ற தாத்தாவும் அவருடைய தம்பியும் இரண்டாம் உலகப் போரின்போது பழைய வட ஆற்காடு மாவட்டத்தில், குடியாத்தத்தை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து பட்டாளத்தில் சேர்ந்தவர்கள். தாத்தா பெங்களூரில் பயிற்சி பெற்று, பர்மா வரை போய், போர் முடிந்தபின் ஊர் திரும்பி விவசாயம் பார்த்தார். நான் பிறப்பதற்கு முன்பே காலமாகிவிட்டார். தம்பி மலாயாவுக்குக் கப்பலேறினார் என்பதும், சிங்கப்பூர் வீழ்ந்த பிறகு அவரிடமிருந்து ஒரு கடிதமும் வரவில்லை என்பதும்தான் வீட்டில் சொல்லப்பட்டு வருகின்றன. இறந்த நாள் தெரியாததால் மகாளய அமாவாசையன்றுதான் அவருக்குப் படையல் வைக்கிறோம். அம்மாவுக்கு இப்போது 78 வயது. தன் சித்தப்பாவுக்கு என்ன ஆயிற்று என்பதை அறிந்துகொள்ள வேண்டும் என்று சில மாதங்களாகத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்.

எங்களிடம் இருப்பவை மிகக் குறைவு. 'பர்மா ஸ்டார்' என்று வட்டமாக எழுதிய ஆறுமுனை நட்சத்திரம் ஒன்று. அதன் ரிப்பன் நைந்து, நடுவிலுள்ள சிவப்புப் பட்டை மட்டும் தெளிவாகத் தெரிகிறது. ஒரு பக்கம் அரசர் தலையும் மறுபக்கம் சிங்கமும் உள்ள வட்டப் பதக்கம் ஒன்று. இரண்டிலும் பெயர் இல்லை. தாத்தா கொண்டுவந்த தகர டிரங்குப் பெட்டி இன்னும் இருக்கிறது. பிற்காலத்தில் யாரோ அதற்கு நீலப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். டிஸ்சார்ஜ் புத்தகம் கரையான் அரித்துப் போயிற்று. பெயரையும் ஊரையும் எழுதி ஓர் அலுவலகத்திற்கு விண்ணப்பித்தேன். எண் இல்லாமல் தேட இயலாது என்று ஒரே வரியில் பதில் வந்தது. எங்கிருந்து தொடங்குவது என்று தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் (சுவடி தேடுபவர்)

வணக்கம் அம்மா. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அண்ணன் தம்பி இருவரையும் ஒரே இடத்தில் தேடாதீர்கள். போரில் இறந்தவரின் பெயர் இணையத்திலேயே கிடைக்கும்; உயிரோடு திரும்பியவரின் பெயரைத் தேடுவதுதான் கடினம். இது பலருக்கு வியப்பாக இருக்கும், ஆனால் நடைமுறை இப்படித்தான்.

சின்னத் தாத்தாவுக்குக் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையதளத்தில் தேடுங்கள். கட்டணம் கிடையாது. மலாயாப் பகுதியில் இறந்து, கல்லறை இன்னதென்று தெரியாத வீரர்களின் பெயர்கள் சிங்கப்பூரில் கிராஞ்சியிலுள்ள நினைவுச் சின்னத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. அங்கே 24,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. பர்மாவில் அப்படி மறைந்தவர்களின் பெயர்கள் யாங்கோனுக்கு வடக்கே தௌக்யான் கல்லறைத் தோட்டத்திலுள்ள ரங்கூன் நினைவுச் சின்னத்தில் உள்ளன. நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் இல்லாததால், அந்தக் காலத்து எழுத்தர்கள் ஒரே பெயரைப் பலவிதமாக எழுதியிருக்கிறார்கள். 'சாமி' என்று முடியும் பெயரை 'ஸ்வாமி', 'சாமி', 'சாவ்மி' என்று மூன்று விதமாகவும் ஆங்கிலத்தில் இட்டுப் பார்க்க வேண்டும். தேடும்போது 'இந்திய ராணுவம்' என்பதைத் தேர்ந்தெடுத்து, கூடுதல் விவரம் என்ற இடத்தில் மாவட்டப் பெயரைப் பாருங்கள். பல பதிவுகளில் 'இன்னாரின் மகன், இன்ன ஊர், வட ஆற்காடு மாவட்டம்' என்று தகப்பனார் பெயரும் ஊரும் இருக்கும். ஒரே பெயரில் இருபது பேர் வந்தாலும் உங்கள் ஆளைப் பிரித்துக் காட்டுவது அந்த ஒரு வரிதான்.

பதக்கங்களில் பெயர் இல்லையே என்று வருந்தாதீர்கள். முதல் உலகப் போர்ப் பதக்கங்களின் விளிம்பில் எண்ணும் பெயரும் படைப்பிரிவும் பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டாம் போரின் நட்சத்திரங்கள் பெரும்பாலும் வெறுமையாகவே வழங்கப்பட்டன. இன்னொன்றும் கவனத்தில் இருக்கட்டும். பர்மா ஸ்டார் இருப்பதால் மட்டும் ஒருவர் பர்மா மண்ணை மிதித்தார் என்று ஆகிவிடாது. குறிப்பிட்ட காலத்தில் வங்காளத்திலும் அசாமிலும் பணியாற்றியவர்களுக்கும் அது வழங்கப்பட்டது. தாத்தா பர்மாவுக்குப் போகவில்லை என்று நான் சொல்லவில்லை. குடும்பக் கதையை ஆவணத்தோடு ஒப்பிட்ட பிறகே எழுதி வைக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பதில் (முன்னாள் ஹவில்தார்)

சகோதரிக்கு வணக்கம். பெங்களூரில் பயிற்சி என்று எழுதியிருக்கிறீர்கள். வட ஆற்காட்டுக்காரர், பெங்களூர்ப் பயிற்சி என்றால் அவர் மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ் படையில் இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். பாலம் கட்டுவதும் பாதை அமைப்பதும் கண்ணிவெடி அகற்றுவதும் அந்தப் படையின் வேலை. 1780-இல் சென்னையில் தோன்றிய அந்தப் படைதான் இன்று பெங்களூரில் மெட்ராஸ் என்ஜினியர் குரூப் என்ற பெயரில் இருக்கிறது. எங்களைத் 'தம்பி' என்றே மற்ற படையினர் அழைப்பார்கள். இத்தாலியில் 1944 பிப்ரவரி 24 அன்று, வெடிக்கவிருந்த கண்ணியின் மேல் தாமே விழுந்து தோழர்களைக் காத்து ஜார்ஜ் கிராஸ் விருது பெற்ற சுபேதார் சுப்பிரமணியன் எங்கள் படையைச் சேர்ந்தவர்; காஞ்சிபுரம் பக்கத்துக்காரர்.

சிப்பாய்களின் பதிவுகள் லண்டனில் இருக்கும் என்று பலர் எண்ணிக்கொண்டு அங்கே எழுதிக் காத்திருக்கிறார்கள். இந்தியச் சிப்பாயின் பணிப் பதிவு அந்தந்தப் படையின் ரெக்கார்ட் ஆபீஸில்தான் இருக்கும். ஓய்வூதியம் இல்லாமல் வெளியேறியவர்களின் ஷீட் ரோலை, அதாவது ஒவ்வொருவரின் தனிப் பணிப் பதிவை, 25 ஆண்டுகளுக்குப் பிறகு அழித்துவிடுவது விதி. போர் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஓய்வூதியம் இல்லாதவர்களே. ஆனால் லாங் ரோல் என்று ஒரு பதிவேடு உண்டு. எண் வரிசையில் பெயர், சேர்ந்த நாள், வெளியேறிய நாள் ஆகியவை அதில் இருக்கும். அதை அழித்திருக்காவிட்டால் உங்களுக்குப் பதில் கிடைக்கும். எண் வரிசையில் அமைந்த ஏட்டில் பெயரை வைத்துத் தேட முடியாது என்பதால்தான் உங்களிடம் எண் கேட்டார்கள்.

அந்த எண்ணைப் பெட்டியிலேயே பாருங்கள். பட்டாளத்துப் பெட்டியின் மேல்மூடியிலோ முன்பக்கத்திலோ எண், பதவி, பெயர் மூன்றையும் வெள்ளைப் பெயிண்டில் எழுதுவது வழக்கம். நீலப் பெயிண்டைச் சுரண்டிவிடாதீர்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தகரத்தோடு ஒட்டிப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், அடியிலுள்ள எழுத்தின் தடிப்பு நிழலாகத் தெரியும். மூடியின் உட்புறத்தையும் விட்டுவிட வேண்டாம்.

பாட்டி உயிரோடு இருந்த காலத்தில், இரண்டாம் உலகப் போர் வீரரின் விதவை என்ற முறையில் மாநில அரசின் மாதாந்திர நிதியுதவி பெற்றாரா என்றும் அம்மாவிடம் கேளுங்கள். பெற்றிருந்தால் வேலூர் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் ஒரு கோப்பு இருந்திருக்கும். அதில் தாத்தாவின் எண் இல்லாமல் இருக்காது.

பாலாற்றங்கரைப் பேத்தி

ஐயா இருவருக்கும் என் நன்றி. நேற்றிரவு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தோம். முதலில் ஒன்றும் தெரியவில்லை. அம்மா வந்து பெட்டியைத் திருப்பி வைக்கச் சொன்னார். பூட்டுக் கொண்டிக்குக் கீழே, நீலத்தின் அடியில், ஐந்து இலக்கங்களும் 'சாப்பர்' என்ற ஆங்கிலச் சொல்லின் பாதியும் மேடாக எழும்பி நின்றன. கடைசி இலக்கம் மூன்றா எட்டா என்பது மட்டும் உறுதியாகவில்லை. அம்மா நெடுநேரம் அந்த எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

சின்னத் தாத்தாவையும் ஆணையத்தின் தளத்தில் கண்டுபிடித்துவிட்டோம் என்றே நம்புகிறேன். எழுத்துக்கூட்டல் நாங்கள் எழுதுவதுபோல் இல்லை. ஆனால் கொள்ளுத்தாத்தாவின் பெயரும் எங்கள் ஊர்ப் பெயரும் வட ஆற்காடு என்பதும் பொருந்துகின்றன. சிங்கப்பூர் நினைவுச் சின்னம், தூண் எண் என்று குறித்திருக்கிறார்கள். இறந்த நாள் 1942 பிப்ரவரி 15 என்று உள்ளது. அந்த நாளையே திதியாகக் கொள்ளலாமா?

பதில் (சுவடி தேடுபவர்)

எண்ணைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்; மூன்று, எட்டு இரண்டையும் எழுதி அந்தப் படையின் ரெக்கார்ட் ஆபீஸில் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் போஸ்டல் ஆர்டருடன் விண்ணப்பித்து, நீங்கள் பேத்தி என்பதற்கான சான்றின் நகலையும் இணைத்துவிடுங்கள். தாத்தா இருந்த கம்பெனி எது என்று தெரிந்துவிட்டால், லண்டன் கியூவிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் தென்கிழக்கு ஆசியப் படைகளின் போர் நாட்குறிப்புகளைப் பார்க்கலாம். சிப்பாயின் பெயர் அவற்றில் அரிதாகவே வரும். ஆனால் அந்தக் கம்பெனி எந்த நாளில் எந்த ஆற்றின் கரையில் பாலம் போட்டது என்பது வரை எழுதப்பட்டிருக்கும்.

திதி பற்றிய கேள்விக்குத் தயக்கத்தோடுதான் பதில் எழுதுகிறேன். 1942 பிப்ரவரி 15 என்பது சிங்கப்பூர் சரணடைந்த நாள். காணாமல் போன பலருக்கு, உண்மையில் இறந்த நாள் தெரியாத நிலையில், அந்த நாளையே அலுவல் முறையில் குறித்துவிட்டார்கள். சரணடைந்த இந்திய வீரர்கள் ஏறத்தாழ 40,000 பேர். அவர்களில் ஒரு பகுதியினர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள், சேராதவர்களில் பலர் கைதிகளாக நியூ கினி, நியூ பிரிட்டன் தீவுகளுக்கு அனுப்பப்பட்டு அங்கே மடிந்தார்கள். உங்கள் சின்னத் தாத்தா அன்றே களத்தில் இறந்தாரா என்பதை அந்தத் தேதி ஒன்றை மட்டும் கொண்டு முடிவுசெய்ய இயலாது. என்னைக் கேட்டால், மகாளய அமாவாசைப் படையலை மாற்ற வேண்டாம் என்பேன். பிப்ரவரி 15 அன்று கூடுதலாக ஒரு விளக்கு ஏற்றலாம்.

பதில் (உட்லண்ட்ஸ் வாசி)

வணக்கம் அக்கா. நான் சிங்கப்பூரில் வசிக்கிறேன். கிராஞ்சி எம்.ஆர்.டி. ரயில் நிலையத்திலிருந்து நினைவிடத்துக்கு நடந்தே போய்விடலாம். தூண் எண்ணையும் பதிவிலுள்ள எழுத்துக்கூட்டலையும் தனிச் செய்தியில் அனுப்புங்கள். பெயர்கள் உயரத்திலும் இருப்பதால் கேமரா கொண்டு போகிறேன். அம்மா ஏதேனும் சொல்லி வைக்க விரும்பினால் அதையும் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பூவோடு போய்த் தூணின் கீழே வைத்துவிட்டுப் படம் அனுப்புகிறேன்.