ரெண்டும் பிளஸ் வந்தும் ஏன் இழிவு இல்லை? ஹெசியன் தாயம்

முறிகண்டிப் பெடியன்:
கம்பஸிலை முதலாம் வருசம், கிளிநொச்சியிலை படிக்கிறன். ஹெசியன் எண்டு டிக்சனரியிலை பாத்தா சாக்குத்துணி எண்டு வருது, அது கிடக்கட்டும். சார்பு இதுதான்: எக்ஸ்² + வை² + 3எக்ஸ்வை. (0,0) இலை முதல் பெறுதி ரெண்டும் 0, ரெண்டாம் பெறுதி எக்ஸுக்கும் 2, வைக்கும் 2, ரெண்டும் பிளஸ் தானே எண்டு இழிவுப் புள்ளி எண்டு எழுதிப்போட்டு வந்திட்டன், விடையிலை சேணப் புள்ளியாம். ஹெசியன் தாயம் எண்டா ரெண்டாம் பெறுதிகளை 2×2 கட்டமா அடுக்கினது தானே, இங்கை மேல் வரி 2, 3, கீழ் வரி 3, 2 (3 எண்டது எக்ஸாலை ஒருக்கா, வையாலை ஒருக்கா வகையிட்டா வாறது). அந்த மூலையிலை கிடக்கிற 3 என்னத்தைக் குழப்பினது?

ஓமந்தை99:
துணிகோவை (மூலைக்கு மூலை பெருக்கிக் கழிக்கிறது) எடுக்கேல்லையோ? 2×2 − 3×3 = −5. மைனஸ் வந்தா சேணம். முடிஞ்சுது.

முறிகண்டிப் பெடியன்:
அது பாடமாக்கி வைச்சிருக்கிறன் அண்ணை, ஏன் எண்டுதான் விளங்கேல்ல

வயல்கார அக்கா:
தம்பி, நீர் கிழக்கையும் வடக்கையும் மட்டும் பாத்திட்டு முடிவெடுத்திட்டீர். குளக்கட்டிலை லாண்ட்மாஸ்டர் (ரெண்டு சில்லு உழவு மிசின்) குறுக்காலை ஏறி இறங்கிப் பள்ளம் விழுந்த இடம் பாத்திருப்பீர் தானே, அந்தப் பள்ளத்துக்கை நடுவிலை நில்லும். கட்டு வழிய நடந்தா ரெண்டு பக்கமும் ஏத்தம். டயர்த் தடத்தோடை நடந்தா முன்னுக்கும் இறக்கம், பின்னுக்கும் இறக்கம். அதுதான் சேணம், குதிரையைத் தேடத் தேவையில்லை. இப்ப கட்டு வடகிழக்கா ஓடுது எண்டு வையும். நேர் கிழக்கை காலை வைச்சாலும் தடத்தின்ரை கரையிலைதான் ஏறுவீர், நேர் வடக்கை வைச்சாலும் அப்பிடித்தான், உம்மட ரெண்டு 2 உம் அதுதான். தடம் போறதோ கோணலா. வை = −எக்ஸ் போட்டுப் பாரும்: எக்ஸ்² + எக்ஸ்² − 3எக்ஸ்² = −எக்ஸ்², இறங்குது! கட்டு வழிய வை = எக்ஸ் எண்டா 5எக்ஸ்², ஏறுது. அந்தக் கோணலைச் சொல்லத்தான் மூலையிலை 3 இருக்கு. ரெண்டு மூலையிலையும் அதே 3 வாறது, எதாலை முதல் வகையிட்டாலும் ஒண்டுதான் எண்டதாலை (ரெண்டாம் பெறுதிகள் தொடர்ச்சியா இருந்தாச் சரி).

ஓமந்தை99:
அக்காவின்ரை ரெண்டு திசையும் ஐகன் காவிகள், தாயத்தாலை பெருக்கினாலும் கோடு மாறாத திசைகள். ஐகன் பெறுமானம், அதாவது அந்தத் திசையிலை எத்தினை மடங்கு ஆகுது எண்டது, 5, −1, பெருக்கினா −5, துணிகோவை. ஒண்டு பிளஸ் ஒண்டு மைனஸ் எண்டாத்தானே பெருக்கம் மைனஸ் ஆகும். மற்றது, சாக்குக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை, லுட்விக் ஒட்டோ ஹெஸ்ஸ எண்ட ஜேர்மன் கணிதர், 1811–1874. அவரின்ரை பேரை இதுக்கு வைச்சது சில்வெஸ்டர் எண்ட இங்கிலாந்துக் கணிதர்.

முறிகண்டிப் பெடியன்:
ஓ!! அப்ப 3க்குப் பதிலா 1 போட்டா 4−1=3, உண்மையாவே இழிவு. 2 போட்டா 0 வருதே?

வயல்கார அக்கா:
அது (எக்ஸ்+வை)². தடம் ஏறவுமில்லை இறங்கவுமில்லை, மட்டமா வெட்டின வாய்க்கால் மாதிரி அடி முழுக்க 0. அதாலை இதிலை இழிவுதான், ஒரு புள்ளியிலை இல்லை, கோடு முழுக்க. அதுக்காக 0 வந்தா எப்பவும் இழிவு எண்டு எழுதிப்போடாதையும், எக்ஸ்³ + வை² க்கும் (0,0) இலை துணிகோவை 0 தான், அங்கை இழிவே இல்லை.