உடன்திறப்பு, முகட்டிடைக் கோணம்: கேம்ஷாஃப்ட் சொற்கள்

> வால்வு 'ஓவர்லேப்' என்பதற்கு 'மேற்கவிவு' போதுமே. வேறு துறைகளில் அப்படித்தானே எழுதுகிறோம்?

வணக்கம்.

வேறு துறைகளுக்குச் சரி. எஞ்சினுக்குள் எதுவும் எதன் மேலும் கவிவதில்லை. கவிவது வால்வுகள் திறந்து மூடுவதைக் காட்டும் வரைபடத்தில் உள்ள இரண்டு கோடுகள். உள்ளே நடப்பது இதுதான்: புகை வெளியேறும் வால்வு முழுக்க மூடுவதற்குள் காற்று வரும் வால்வு திறக்கத் தொடங்கிவிடுகிறது. கொஞ்ச நேரம் இரண்டும் சேர்ந்தே திறந்திருக்கின்றன. அதனால் 'உடன்திறப்பு' என்று முன்மொழிகிறேன்.

நமக்கு இந்தச் சொற்கள் தேவைப்படுவது எலக்ட்ரானிக் முறையில் பெட்ரோல் பீச்சும் எஞ்சினுக்குக் கேம்ஷாஃப்ட் (தன் மேல் உள்ள மேடுகளால் வால்வுகளைத் திறக்கும் தண்டு; சுருக்கமாகக் கேம்) தேர்வது பற்றிய கட்டுரைக்கு. அங்கே எல்லாச் சிக்கலும் உடன்திறப்பில்தான் தொடங்குகிறது.

1986 முதல் 1988 வரை வந்த ஃபோர்டு மஸ்டாங் 5.0 வண்டியை எடுத்துக்கொள்வோம். உள்ளே போகும் காற்றை நேராக அளக்கும் கருவி அதில் கிடையாது. இன்டேக் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாய்த் தொகுப்பு) உள்ள அழுத்தம், எஞ்சின் வேகம், காற்றின் வெப்பம் ஆகியவற்றை வைத்து, எவ்வளவு காற்று போயிருக்கும் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடும். அந்தக் கணக்கு கம்பெனி போட்ட கேமுக்கானது. உடன்திறப்பு அதிகமுள்ள ரேஸ் கேமை மாட்டினால், ஐட்லிங்கில், அதாவது ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது, புகை மேனிஃபோல்டுக்குள் திரும்பி வருகிறது, வெற்றிடம் குறைந்து அழுத்தம் கூடுகிறது. ஓட்டுநர் ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டார் என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டு பெட்ரோலைக் கூட்டுகிறது. போதாததற்கு, எரியாத காற்றில் கொஞ்சம் நேரே சைலன்சர் பக்கம் போய்விடுவதால், அங்கிருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் 'பெட்ரோல் போதவில்லை' என்கிறது. மறுபடியும் கூட்டல். வண்டி நின்ற இடத்தில் வேகம் ஏறி இறங்கி ஆடும்; ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் நுனி கரிபிடித்துக் கிடக்கும். கலிபோர்னியாவில் 1988-லும் மற்ற இடங்களில் 1989-லும் காற்றை நேராக அளக்கும் முறைக்கு மாறிய பிறகு, அதே எஞ்சின் கேம் மாற்றத்தை ஓரளவு தாங்கியது.

> 'லோப் செபரேஷன் ஆங்கிள்': மடல் பிரிப்புக் கோணம்

இதில் எனக்கு உடன்பாடில்லை. நுரையீரலுக்கு மடல் பொருந்தும். கேமில் இருப்பது மேடு. அளக்கப்படுவதும் பிரிப்பு அல்ல, காற்று மேட்டின் உச்சிக்கும் புகை மேட்டின் உச்சிக்கும் இடையில் உள்ள கோணம். எனவே 'முகட்டிடைக் கோணம்'. இதை உடன்திறப்போடு சேர்த்து ஒரு வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: "முகட்டிடைக் கோணம் கூடினால் உடன்திறப்பு குறையும்." கேம் தேர்வில் பாதி விஷயம் இதற்குள் வந்துவிடுகிறது. கார்புரேட்டர் ரேஸ் எஞ்சினுக்கு 106, 108 பாகை என்று நெருக்கமாக வைப்பார்கள். கம்ப்யூட்டர் உள்ள எஞ்சினுக்குப் பொதுவாக 112 முதல் 114.

'டியூரேஷன்' என்பதற்குத் 'திறப்புக் காலம்' என்று வந்திருக்கிறது. காலம் என்றால் வாசகர் நொடியில் நினைப்பார். இது கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டு) சுழற்சியின் பாகையில் அளப்பது. 'திறப்புப் பாகை' என்றால் குழப்பம் இல்லை. வால்வு எவ்வளவு தூரம் திறக்கிறது என்பதைக் குறிக்கும் 'லிஃப்ட்' என்பதற்கு 'ஏற்றம்' போதும். வால்வு, கேம் இரண்டும் ஒர்க்‌ஷாப்பில் எல்லார் வாயிலும் இருப்பவை. அவற்றைத் தொட வேண்டாம்.

விளக்கக் குறிப்பில் ஒன்றை விடாமல் சேர்க்க வேண்டும். திறப்புப் பாகை கிராங்கில் அளப்பது, முகட்டிடைக் கோணம் கேமில் அளப்பது. கிராங்க் இரண்டு சுற்று போனால்தான் கேம் ஒரு சுற்று. அதனால் கணக்கில் கோணத்தை இரட்டிக்க வேண்டும். இரண்டு வால்வுக்கும் திறப்புப் பாகை 280, முகட்டிடைக் கோணம் 108 என்றால், 280-இல் 216 போக உடன்திறப்பு 64 பாகை. கோணத்தை மட்டும் 114 ஆக்கினால் 52. திறப்புப் பாகை மாறவே இல்லை, ஆனாலும் ஐட்லிங் நிதானப்படும்.

'உடன்திறப்பு' என்பதை 'உடன் திறப்பு' என்று பிரித்து எழுதினால் 'உடனே திறப்பது' என்று படிக்க இடமுண்டு. சேர்த்தே எழுதலாம் என்பது என் கருத்து. இலக்கணம் தெரிந்தவர்கள் இதைப் பார்த்துச் சொன்னால், நான்கு சொற்களையும் கட்டுரைக்கான சொற்பட்டியலில் ஏற்றிவிடலாம்.